இருபது புள்ளி பூஜ்யம்

நான் தராசு ரிப்பேர் செய்கிறவன். இருபத்தேழு வருஷமாக இதே வேலை. காய்கறிக் கடைத் தராசு, நகைக்கடைத் தராசு, லாரியோடு ஏற்றி எடை போடும் மேடை எல்லாம் பார்த்திருக்கிறேன். யாரையும் எடுத்த எடுப்பில் நம்பக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலில் முதல் பாடம். அப்படிப்பட்ட நான் ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒரு எண்ணை மூன்று மாதம் நம்பினேன். காரணம் அதிலிருந்த புள்ளி. வெறும் இருபது என்று எழுதியிருந்தால் யாரோ குத்துமதிப்பாக எழுதியது என்று சந்தேகப்பட்டிருப்பேன். இருபது புள்ளி பூஜ்யம் என்று எழுதியிருந்தது. புள்ளி வைத்துவிட்டால் அளந்துதான் எழுதியிருப்பான் என்று யாருக்கும் தோன்றிவிடும்.

விஷயம் என் தங்கையைப் பற்றியது. எனக்கு ஒரே தங்கை. பித்தக்குழாய்களில் ஏதோ நோய் வந்து அவள் ஈரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே வந்தது. கண் மஞ்சளாகி, கால் வீங்கி, கடைசியில் ஈரல் டாக்டர் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து, "வேற ஈரல் வெக்கணும். நாலு மாசத்துக்குள்ள. சொந்தக்காரங்க யாராவது பாதி குடுக்கலாம். குடுத்தவங்களுக்குத் திரும்ப வளந்துரும்" என்றார்.

தங்கை வீட்டுக்காரருக்கு ரத்தம் சேரவில்லை. எனக்குச் சேர்ந்தது. நான் உடனே சரி என்றேன். "ஒரே ஒரு டெஸ்ட் பாக்கி. உங்க ஈரல்ல கொழுப்பு பத்து சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்க மாட்டோம். ஊசியெல்லாம் இல்ல. எம்.ஆர்.ஐ. மெஷின்லயே அளந்துருவாங்க" என்றார் டாக்டர்.

அளக்கிற இடத்துக்குப் பெயர் எண் துறை. முன்பு அது ஸ்கேன் துறையாக இருந்ததாம். படத்தைப் பார்த்து ஒரு டாக்டர் ஒன்று சொல்வார், இன்னொருவர் வேறொன்று சொல்வார் என்பதால் படம் பார்ப்பதையே நிறுத்திவிட்டு எண் மட்டும் கொடுக்கிறார்கள். வாசலில் பெரிய எழுத்தில், ‘கண் ஏமாறும், எண் ஏமாறாது’ என்று எழுதியிருந்தது. துறைத் தலைவரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் தசமம் என்றுதான் சொல்கிறார்கள். மணி கேட்டால்கூட பத்து புள்ளி ஐந்து என்பார் என்று லிஃப்ட் ஓட்டுகிறவர் சொன்னார்.

பதிவு கவுன்டரில் என் பிறந்த தேதியைக் கேட்டார்கள். ஜனவரி ஒன்று என்றேன். உண்மையில் நான் என்றைக்குப் பிறந்தேன் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமை ஆசிரியர் போட்ட தேதி அது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள். எடை எழுபது, ஆண் என்று எழுதிக்கொண்டு ஒரு நம்பர் கொடுத்தார்கள். நாலு, ஏழு, ஏழு, ஒன்று.

மெஷினை ஓட்டுகிறவர் ஒரு பெண். முப்பத்தைந்து வயசிருக்கும். நான் மேடம் என்று கூப்பிட்டேன். என் சட்டைப்பையில் இருந்த ஸ்க்ரூடிரைவர், ஸ்பிரிங், சின்ன எடைக்கல் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் வாங்கி வைத்துவிட்டு, "இன்னும் ஏதாவது இரும்பு இருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உள்ள காந்தம்" என்றார்.

"பல்லு அடைச்சிருக்கு."

"அது பரவாயில்ல."

விலா எலும்பின் மேல் வட்டமாக ஒரு பிளாஸ்டிக் தகடு வைத்து பெல்ட் போட்டுக் கட்டினார். அது அதிரும், பயப்படாதீர்கள் என்றார். எதற்கு என்று கேட்டேன். தொழில் புத்தி.

"இது தட்டும்போது ஈரலுக்குள்ள ஒரு அலை ஓடும். ஈரல் இறுகியிருந்தா அலை வேகமா ஓடும், மெத்துன்னு இருந்தா மெதுவா ஓடும். அத வெச்சு எவ்வளவு இறுக்கம்னு சொல்லலாம்."

"கொழுப்பு?"

"தண்ணியும் கொழுப்பும் காந்தத்துக்குள்ள ஒரே வேகத்துல ஆடாது. யாரு யாரு எவ்வளவு பேரு ஆடறாங்கன்னு மெஷின் பிரிச்சு எண்ணிரும். நூத்துல எத்தனை கொழுப்புன்னு வந்துரும். நல்ல முறைங்க. ஊசி குத்தி ஒரு துணுக்கு எடுத்துப் பாக்கறதவிட முழு ஈரலும் தெரியும். மூச்ச வெளிய விட்டு நிறுத்துங்க."

நிறுத்தினேன். எனக்கு இழுப்பு உண்டு. பதினைந்து விநாடி நிறுத்தச் சொன்னால் பன்னிரண்டில் கொஞ்சம் திருடிவிடுவேன். தகடு விலாவில் டர்ரென்று அதிர்ந்தது. ஏதோ ஒரு கடைக்காரர் என் நெஞ்சில் வைத்து மாவு அரைக்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் முடிவு வந்தது. கொழுப்பு 20.0 சதவீதம். கொடையாளராகத் தகுதியில்லை.

தங்கை வீட்டில் அதைச் சொன்னபோது அவள் வீட்டுக்காரர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு கல்யாணத்தப்பவே தெரியும் மச்சான். ஆனா குடிக்கிறது தெரியாது."

"நான் குடிக்கிறதில்ல மாப்ளே."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

தங்கை படுக்கையில் இருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர், எடை குறைத்தால் கொழுப்பு இறங்கும், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்றார். எண் துறை ஒரு உணவுத் திட்டம் கொடுத்தது. எட்டுப் பக்கம். ஏழு பக்கம் சாப்பிடக் கூடாதவை. எட்டாவது பக்கத்தில் துறைத் தலைவர் படம். நான் அதை அப்படியே செய்தேன். விடிந்ததும் ஆறு கிலோமீட்டர் நடந்தேன். ராத்திரி வெறும் வேகவைத்த காய். ஒரு மாதத்தில் ஐந்து கிலோ போனது. என் கால்சட்டையை என் மனைவி இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள்.

இரண்டாவது அளவு: 20.0.

"ஏங்க, கடைல ஏதாவது வாங்கித் திங்கறீங்களா? சொல்லிருங்க. திட்ட மாட்டேன்" என்றாள் மனைவி.

"ஒண்ணும் திங்கல."

"நடக்கப் போறேன்னு போறீங்களே, எங்க போறீங்க?"

மறுநாள் விடிகாலையில் என் பின்னால் முப்பது அடி தள்ளி ஒரு உருவம் நடந்துவந்தது. நான் நின்றால் நின்றது. அவளுக்கும் இரண்டு கிலோ குறைந்தது.

ஆஸ்பத்திரியின் சந்தேகம் இதைவிடப் பெரியதாக இருந்தது. தசமம் என்னை அவர் அறைக்குக் கூப்பிட்டார். சுத்தமான மேஜை. அதில் ஒரு படம்கூட இல்லை. எண்கள் மட்டும்.

"அஞ்சு புள்ளி ரெண்டு கிலோ குறைச்சிருக்கீங்க. கொழுப்பு குறையல. அப்படின்னா மீதி உடம்பெல்லாம் இளைச்சிருக்கு, ஈரல் மட்டும் இளைக்கல. ஏன்?"

"அதத்தான் சார் நானும் கேக்கறேன்."

"பேஷன்ட் கேள்வி கேக்கக் கூடாது. இன்னொண்ணு. உங்க ஈரல்ல இரும்புச் சத்து பூஜ்யம். ரத்தக்குழாய் எண்ணிக்கை பூஜ்யம். பித்தப்பை பூஜ்யம். பித்தப்பைய எப்ப எடுத்தீங்க?"

"எடுக்கவே இல்லையே சார்."

அவர் எழுதினார். தலைகீழாகப் படித்தேன். ‘முன்பு நடந்த அறுவை சிகிச்சையை மறைக்கிறார்.’

"விலா எலும்பும் பூஜ்யம்னு வந்திருக்கு."

நான் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். ஐந்து கிலோ குறைந்த பிறகு என் விலா எலும்பை நாலு அடி தள்ளி நின்றும் எண்ணலாம். அவர் பார்க்கவில்லை. கையை உயர்த்திக் கண்ணை மறைத்துக்கொண்டார்.

"அத இறக்குங்க. நான் பாக்கறதில்ல. பன்னெண்டு புள்ளி மூணு வருஷமா பாக்கறதில்ல. பாத்தா ஒரு அபிப்பிராயம் வந்துரும். அபிப்பிராயம் வந்தா எண் கெட்டுரும். நீங்க நேர்ல வர்றதே எங்களுக்கு ஒரு தொந்தரவுதான். ஆனா ஒண்ணு சொல்லணும். இந்தத் துறை ஆரம்பிச்சதுலேருந்து உங்கள மாதிரி ஒரு பேஷன்ட் கிடையாது. ரெண்டு தடவையும் தரப் புள்ளி நூத்துக்கு நூறு. துளிகூட அசையல. மூச்சே விடாத மாதிரி."

"எனக்கு இழுப்பு சார். பன்னெண்டாவது செகண்ட்ல விட்டுட்டேன்."

‘தன் ஒத்துழைப்பையும் மறைக்கிறார்’ என்று எழுதினார்.

மூன்றாவது மாதம் நான் ஒன்பது கிலோ இளைத்திருந்தேன். தங்கை அதைவிட. அளவு 20.0. நான் தங்கை வீட்டுக்குப் போனபோது அவள் வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போயிருந்தார். அவள் மட்டும் இருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"அண்ணா, உனக்குக் குடுக்க மனசில்லன்னா சொல்லிரு. நான் கோவிச்சுக்க மாட்டேன். அண்ணி பயப்படுவாங்க. எனக்குப் புரியும். இப்படி மாசாமாசம் ஒரு தாளக் கொண்டுவந்து காட்டாத."

"நான் இளைச்சது தெரியலையா உனக்கு?"

"தெரியுது. நீ இளைச்சிருக்க. தாள்ல இளைக்கல. எத நம்பறது நான்?"

வாசலில் இறங்கும்போது நானே என்னை நம்பவில்லை. ஒருவேளை உள்ளுக்குள் எனக்கு இஷ்டமில்லையோ, இந்த ஈரலுக்கு அது தெரிந்துவிட்டதோ என்றெல்லாம் யோசனை போனது.

மறுநாள் கடையைத் திறந்தேன். தினமும் முதல் வேலை ஒன்றே ஒன்றுதான். முத்திரையிட்ட ஐந்து கிலோ எடைக்கல்லை எடுத்து என் தராசில் வைத்துப் பார்ப்பேன். 5.000 காட்ட வேண்டும். காட்டியது. நேற்றும் அதே. போன வருஷமும் அதே. அதற்குப் பிறகு ஒருவர் அரிசி மூட்டையோடு வந்தார், கடைத் தராசில் சந்தேகமாம். என் தராசில் வைத்தேன். 24.870. இறக்கி மறுபடி வைத்தேன். 24.865. அரிசி அப்படித்தான். உதறும், உட்காரும், ரெண்டு மணி சிந்தும்.

நான் மூட்டையைப் பிடித்தபடியே நின்றேன். தட்டில் வைக்கிற சாமான் எதுவானாலும் கடைசிப் புள்ளியில் கொஞ்சம் ஆடும். மூன்று மாதம் ஆடாமல் நிற்கிறது என்றால் அது சாமான் இல்லை, எடைக்கல்.

மூட்டைக்காரரை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

மெஷின் மேடம் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நீங்க காலைல மெஷின எத வெச்சு செக் பண்ணுவீங்க?"

"அது எதுக்கு உங்களுக்கு?"

"சொல்லுங்க. ஏதாவது ஒண்ணு வெப்பீங்கல்ல? தெரிஞ்ச அளவுள்ள ஒண்ணு."

அவர் அலமாரியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் புட்டியை எடுத்தார். ஒரு சொம்பு அளவு. உள்ளே பால் மாதிரி வெள்ளையாகக் கெட்டியாக ஏதோ இருந்தது. "தண்ணியும் எண்ணெயும் அளந்து கலந்து உறைய வெச்சது. தினமும் மொத ஸ்கேன் இதுக்குத்தான். மெஷின் சரியா படிக்குதான்னு பாக்க."

நான் புட்டியைத் திருப்பினேன். பின்னால் லேபிள் ஒட்டியிருந்தது. கொழுப்பு 20.0.

புட்டியை அவர் டீ கிளாசுக்குப் பக்கத்தில் லேபிள் தெரிகிற மாதிரி வைத்தேன்.

"என்னோட ரிசல்ட் எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாதுங்க. நான் ஸ்கேன் பண்ணி மேல அனுப்பிருவேன். எண்ணு மேலதான் வரும். எனக்கு அன்னன்னிக்கு டோக்கன் நம்பர் மட்டுந்தான் வரும்." அவர் கம்ப்யூட்டரில் தட்டினார். புட்டிக்கும் என் நம்பரே நோயாளி நம்பராக வந்தது. நாலு, ஏழு, ஏழு, ஒன்று.

பிறகு அவர் சொல்லச் சொல்ல எனக்கு விளங்கியது. நோயாளி நம்பர் இல்லாமல் மெஷின் ஸ்கேன் செய்யாது. அதனால் புட்டியை ஒரு நோயாளியாகப் பதிவு செய்தார்கள். பிறந்த தேதிக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. ஜனவரி ஒன்று என்று போட்டார்கள். எடைக் கட்டத்தில் எழுபது, ஆணா பெண்ணா கட்டத்தில் ஆண். அப்புறம் ஆஸ்பத்திரி ‘ஒரு மனிதர், ஒரு கோப்பு’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒரே பிறந்த தேதி, ஒரே எடை இருந்தால் ஒரே ஆள்தான் என்று கம்ப்யூட்டரே கோப்புகளைச் சேர்த்து ஒரே நம்பர் கொடுத்துவிடும். ஒரே நாளில் ஒரே ஆளுக்கு இரண்டு ஸ்கேன் இருந்தால் அசைவு குறைந்ததை எடுத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும்.

"புட்டி அசையாது" என்றேன்.

"அசையாது" என்றார். "நீங்க மூச்சு விட்டீங்க. அதான் நீங்க அழிஞ்சிட்டீங்க."

"இப்ப என்ன செய்யறது?"

"கோப்பப் பிரிக்கச் சொல்லி எழுதணும். நான் வேற ஒரு விஷயத்துக்குப் போன வருஷம் எழுதினேன். சம்பந்தப்பட்ட ரெண்டு பேரும் நேர்ல ஆஜராகணும்னு பதில் வந்துச்சு."

எழுதிக் கொடுத்தோம். அதே பதில் வந்தது. வியாழக்கிழமை நானும் புட்டியும் ஆஜரானோம். மேடம் புட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார்.

நீளமான மேஜை. நடுவில் கோப்புக் குழுத் தலைவர், ஒரு பக்கம் தசமம், இன்னொரு பக்கம் பதிவு அதிகாரி. எனக்கு ஒரு நாற்காலி, புட்டிக்கு ஒரு நாற்காலி. பதிவு அதிகாரி இரண்டு பேருக்கும் தண்ணீர் வைத்தார்.

"உங்கள்ல நாலு ஏழு ஏழு ஒண்ணு யாரு?" என்றார் தலைவர்.

"நான்தாங்க" என்றேன்.

தலைவர் புட்டியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். "இரண்டாம் நபர் மறுக்கவில்லை, ஆமோதிக்கவுமில்லை" என்று எழுதச் சொன்னார்.

"அய்யா, அது புட்டி" என்றேன்.

"அது உங்க கருத்து. இங்க கருத்துக்கு இடமில்ல. பொறந்த தேதி ஒண்ணு. எடை ஒண்ணு. இந்தத் திட்டத்துல இதுவரைக்கும் முப்பத்தோராயிரம் கோப்பச் சேத்திருக்கோம். ஒண்ணகூடப் பிரிச்சதில்ல. அதனாலதான் பிழையே இல்லைன்னு சொல்ல முடியுது. இன்னிக்கு உங்களுக்காகப் பிரிச்சா ஒரு பிழை நடந்ததா ஆயிரும். ஒரு ஆளுக்காக முப்பத்தோராயிரம் பேரோட நம்பிக்கையக் கெடுக்கச் சொல்றீங்களா?"

"என் தங்கச்சி செத்துருவா அய்யா."

"அவங்க கோப்பு தனியா, நல்லபடியா இருக்கு" என்றார் பதிவு அதிகாரி ஆறுதலாக.

தசமம் தொண்டையைச் செருமினார். "எனக்கு ஒரு ஆட்சேபணை. துறையோட தரப் புள்ளி தொண்ணூத்தாறு புள்ளி நாலு. அதுல நாலு புள்ளி இந்தக் கோப்பால வந்தது. இவரப் பிரிச்சு அந்த..." புட்டியைப் பார்க்காமல் கைகாட்டினார், "அந்த நபர நீக்கினா, மூச்சு விடறவங்க மட்டுந்தான் மிஞ்சுவாங்க. மூச்சு விடறவங்கள வெச்சு ஒரு துறைய எப்படி நடத்துறது?"

மேடம் அப்போதுதான் வாயைத் திறந்தார். "விதில ஒரு வழி இருக்கு சார். பதினொண்ணாவது பிரிவு. சேந்த கோப்புல ஒருத்தர் இறந்துட்டா அந்த நம்பர மூடிட்டு, இருக்கறவருக்குப் புது நம்பர் குடுக்கலாம். அதப் பிரிச்சதாக் கணக்கெடுக்க வேண்டியதில்ல."

தலைவர் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். முகம் தெளிந்தது. "அப்ப யாரு இறந்தது?"

எனக்குப் பகீரென்றது. எங்கள் இருவரில் ஒருவரை இறந்தவர் என்று எழுதப் போகிறார்கள், அவர்கள் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை. நான் சத்தமாக மூச்சு விட ஆரம்பித்தேன்.

அவசரப் பிரிவிலிருந்து ஒரு டாக்டரைக் கூப்பிட்டார்கள். முப்பது மணி நேரமாகத் தூங்காத முகம். ஸ்டெதஸ்கோப்பை முதலில் என் நெஞ்சில் வைத்தார், பிறகு புட்டியில் வைத்தார்.

"மூச்சு இல்ல. நாடி இல்ல" என்றார்.

"யாருக்கு? தெளிவாச் சொல்லுங்க டாக்டர்" என்றேன்.

"இதுக்கு."

"எப்ப நின்னுச்சு?" என்றார் பதிவு அதிகாரி.

"கொண்டுவரும்போதே இல்ல."

‘இறந்த நிலையில் கொண்டுவரப்பட்டது’ என்று எழுதினார். "காரணம்?"

டாக்டர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு கோப்பைப் புரட்டினார். "கடைசி ரிப்போர்ட்ல கொழுப்பு இருபது இருக்கு. ஈரல்னு போட்டுக்குங்க."

தலைவர் எழுந்து நின்றார். எல்லோரும் நின்றோம். ஒரு நிமிஷம் மௌனம். தசமம் நிஜமாகவே கண்ணைத் துடைத்தார். புட்டியைப் பிணவறைக்கு எடுத்துப் போனார்கள்.

என் வேலை அதோடு முடியவில்லை. காலையில் புட்டி படுக்காமல் மெஷின் ஓடக் கூடாது என்று விதி. மேடம் அலமாரியிலிருந்து புதுப் புட்டி ஒன்றை எடுத்தார். பதிவு செய்ய வேண்டும்.

"பொறந்த தேதி என்ன போடறது?" என்றார்.

"ஜனவரி ஒண்ணு மட்டும் வேண்டாம் தாயி. எந்தத் தேதி போட்டாலும் எவனாவது ஒருத்தன் அன்னிக்குப் பொறந்திருப்பான்" என்றேன்.

யோசித்தோம். பிப்ரவரி முப்பது என்று போட்டோம். கம்ப்யூட்டர் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டது.

அன்றைக்கு என் ஈரலை முதல் தடவையாக என் பெயரில் அளந்தார்கள். 4.1. நான் நம்பவில்லை. மறுநாள் மறுபடி அளக்கச் சொன்னேன். 4.3. அது ஆடியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

ஆனால் கொடையாளர் குழுவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒன்பது நாள் முன்பு இருபது, இன்றைக்கு நாலா என்று கையெழுத்துப் போட மறுத்தார்கள். நடந்ததைச் சொன்னேன். கோப்பில் அப்படி ஒரு பிழை பதிவாகவில்லையே என்றார்கள். அப்போது தசமம் ஒரு தாளோடு வந்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டா நான் குழுகிட்டப் பேசறேன்."

தாளில், எண் துறையின் உணவுத் திட்டத்தைப் பின்பற்றியதால் ஒன்பதே நாளில் என் ஈரல் கொழுப்பு 20.0-லிருந்து 4.1-க்கு இறங்கியது என்று எழுதியிருந்தது. தங்கைக்கு டாக்டர் கொடுத்த நாலு மாதத்தில் பதினோரு நாள் மிச்சம். இருபத்தேழு வருஷத்தில் குறைந்த எடைக்கல் ஒன்றைக்கூட நான் சரியென்று சொல்லிக் கடைக்காரனிடம் கொடுத்ததில்லை. கையெழுத்துப் போட்டேன். பழைய நம்பரையும் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். நாலு, ஏழு, ஏழு, ஒன்று.

ஆபரேஷன் நடந்தது. பதினான்கு மணி நேரம். கண் விழித்தபோது வயிற்றில் ஒரு முழ நீளத்துக்குத் தையல். நாலாவது நாள் என்னை நாற்காலியில் வைத்துத் தங்கை அறைக்குத் தள்ளிப் போனார்கள். அவள் கண்ணில் மஞ்சள் இறங்கியிருந்தது. என்னை வெகு நேரம் பார்த்தாள்.

"ரொம்ப சந்தேகப்பட்டுட்டேன் அண்ணா."

"நானுந்தான்" என்றேன்.

மூன்று மாதம் கழித்து நானும் தங்கையும் அளவெடுக்கப் போனோம். என் மனைவியும் கூட வந்தாள். எனக்கு 4.6. அவளுக்கு 3.8. "ஒரே ஈரல்தான? எனக்கு நல்ல பக்கத்தக் குடுத்துட்டியா, இல்ல நீ மறுபடி கடைல திங்க ஆரம்பிச்சுட்டியா?" என்றாள். என் மனைவி என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

எண் துறை வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் என் படம் மாட்டியிருந்தது. கீழே 20.0, ஒரு அம்புக்குறி, 4.1, ஒன்பது நாள், என் கையெழுத்து, பழைய நம்பர். அதற்குக் கீழே பெஞ்சில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். பெயின்டர் போலிருக்கிறது, நகமெல்லாம் சுண்ணாம்பு. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே, அது நீங்கதான? அந்த எட்டுப் பக்கத்த நானும் அப்படியே செய்யறேன். ஒன்பது நாள் இல்ல, நாப்பது நாள் ஆச்சு. என்னால முடியல. நேத்து ஏணியிலேருந்து தலை சுத்தி விழுந்துட்டேன். நீங்க வேற ஏதாவது சாப்பிட்டீங்களா?"

அவர் கையில் எட்டுப் பக்கமும் இருந்தன. மடித்து மடித்துக் கிழிந்திருந்தன. எனக்குத் தையல் போட்ட இடம் இழுத்தது.

"தம்பி, அது நடக்கவே இல்ல. நான் போட்டது பொய்க் கையெழுத்து. போய் வயிறு நிறையச் சாப்பிடுங்க. அப்புறம் உங்க டாக்டரப் பாத்து மறுபடி கேளுங்க" என்றேன். அவர் என்னை நம்பவில்லை. படத்தைத்தான் பார்த்தார். படத்தில் புள்ளி இருந்தது.

கள்ள எடைக்கல்லைக் கடையில் விட்டுவைத்துவிட்டு வாயால் சொல்லிப் பிரயோஜனமில்லை. நான் பெஞ்சில் ஏறிச் சட்டத்தை ஆணியிலிருந்து கழற்றினேன். மனைவி, "ஏங்க" என்று மட்டும் சொன்னாள். தங்கை தன் பையைத் திறந்து பிடித்தாள். மருந்துகளுக்கு நடுவே சட்டம் பாதிதான் உள்ளே போனது.

வெளிவாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"பையில என்னம்மா?"

"எங்கண்ணன் படம்" என்றாள் தங்கை.

"ஆஸ்பத்திரிப் படமாச்சே அது. அவரு எங்க?"

"இறந்துட்டாரு. கீழ நம்பர் இருக்கு, பாத்துக்குங்க."

காவலாளி சட்டத்தை லேசாக இழுத்து நம்பரைப் பார்த்து, கையிலிருந்த கருவியில் ஒவ்வொன்றாகத் தட்டினார். நாலு, ஏழு, ஏழு, ஒன்று. திரையைப் படித்தார். முகம் மாறியது. தொப்பியைக் கழற்றினார்.

"ஈரலாம்மா?"

"ஆமா."

"மனசத் தேத்திக்குங்க" என்று வழி விட்டார்.

தங்கை தலையைக் குனிந்துகொண்டு முன்னால் நடந்தாள். சிரிப்பை அடக்கியதில் அவள் தோள் குலுங்கியது. காவலாளிக்கு அது அழுகையாகத் தெரிந்திருக்கும். நான் அவருக்கு நேராக, இரண்டடி தூரத்தில், இழுப்போடு மூச்சு விட்டபடியே கடந்து போனேன். அவர் கருவியை விட்டுத் தலை நிமிரவில்லை.